பச்சைப் பல்

சாமிதுரையை வாயில்லாப் பூச்சி என்று யாராவது சொன்னால் திருக்காட்டுப்பள்ளியே விழுந்து விழுந்து சிரிக்கும். முறைத் தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலும் வாய்க்கால் கரையில் நின்று அவர் போடும் சத்தம் அக்கரைக்குக் கேட்கும். விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அதிகாரி எழுந்து சாப்பிடப் போன பிறகும் மைக்கை விடாமல் பேசியவர். அப்பேர்ப்பட்ட மனுஷன், வீட்டுக்குள் ஒரே ஒரு தரம் பேச வேண்டிய நேரத்தில் பேச வேண்டியதை விழுங்கிவிட்டு, பேசக் கூடாததைப் பேசி, பெற்ற மகளின் வாயைக் கெடுத்துவிட்டார். கேட்டால் உங்களுக்கும் கோபம் வரும். வரட்டும், வரவேண்டியதுதான்.

மகள் பூர்ணிமா ஒரே பிள்ளை. கண்ணு, மூக்கு எல்லாம் அம்மா அம்சவல்லியை உரித்து வைத்த மாதிரி. பல் மட்டும் யாருடையது என்று தெரியவில்லை. மேல்வரிசையில் முன்பல் இரண்டும் முன்னால் வந்துவிட்டன. அதற்குப் பக்கத்துப் பல் ஒன்று, இடம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டது போல உள்பக்கமாகத் திரும்பி நின்றது. பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் துருவாமணை என்று பேர். குழந்தைகள் வைக்கிற பேருக்கு ஈவிரக்கம் ஏது?

எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு வந்த பல் டாக்டர் கிளிப் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லியனுப்பினார். பூர்ணிமா குதித்துக்கொண்டு வந்து அப்பாவிடம் சொன்னாள். சாமிதுரை வயலிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பல்லைப் புடுங்கித்தான் எடம் பண்ணுவாங்க. மேல்பல்லுல கை வெச்சா கண்ணு நரம்பு போயிடும். அதெல்லாம் ஒண்ணும் வேணாம். எடுப்பா பல்லு இருக்கறவங்க ராசிக்காரங்க, போ."

அவ்வளவுதான் பேச்சு. அவளும் அழுது பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். ஆனால் மனசில் விடவில்லை. படித்து, தஞ்சாவூரில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பகலவனைக் கல்யாணமும் செய்துகொண்டு, அவன் திரும்பிப் போன பிறகு, தன் சம்பளத்தில் தானே போய்க் கிளிப் போட்டுக்கொண்டாள். அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து சிரித்தபோதுதான் தெரிந்தது, வாய் நிறையக் கம்பி.

"அடி பாவி, என்னடி இது, வாயில முள்வேலி போட்டுக்கிட்டு வந்திருக்க!" என்று அம்சவல்லி அலறினாள். அலறிய சூட்டிலேயே சிரித்தும் விட்டாள். சாமிதுரைக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நம்மைக் கேட்கத் தோன்றவில்லையே என்று ஒரு முள் உள்ளே தைத்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அந்த முள்ளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கதையில் பாதி அதுதான்.

சும்மா சொல்லக் கூடாது, கிளிப் நன்றாகவே வேலை செய்தது. முன்பல் இரண்டும் உள்ளே போயின. கோபித்துக்கொண்டு திரும்பி நின்ற பல் மெல்ல மெல்ல வரிசைக்கு வந்தது. வரும்போதெல்லாம் பூர்ணிமா கண்ணாடி முன்னால் நின்று அந்த ஒரு பல்லைத்தான் பார்ப்பாள். கம்பியோடு செல்போனில் போட்டோ எடுத்து பகலவனுக்கு அனுப்புவாள். சாமிதுரையும் அவள் பார்க்காத நேரத்தில் பார்ப்பார். பரவாயில்லையே என்று நினைத்துக்கொள்வார். அதை அவளிடம் சொன்னால் என்ன குறைந்துவிடும்? சொல்லவில்லை.

பகலவன் லீவில் வந்து போன பிறகு பூர்ணிமா முழுகாமல் இருந்தாள். வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். கிளிப்புக்கு மாதாமாதம் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பதால் சாமிதுரைதான் காரை வாடகைக்குப் பிடித்துத் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போனார்.

டாக்டர் தஹ்மீனா அதிராம்பட்டினத்துக்காரி. சின்ன வயசு, ஆனால் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிற பெண். பூர்ணிமாவை நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே, ஓரமாக நின்ற சாமிதுரையைக் கூப்பிட்டாள்.

"ஐயா, கிட்ட வாங்க. பாருங்க, ஈறு லேசா வீங்கியிருக்கா? பாப்பா வயித்துல இருக்கறப்ப எல்லாருக்குமே இப்படி ஆகும். இவங்களுக்குக் கிளிப்பும் இருக்கு. ஒவ்வொரு கம்பிக்கு அடியிலயும் சோறு, இனிப்பு எல்லாம் தங்கும். அதுல கிருமி பசை மாதிரி ஒட்டிக்கும்."

"கிருமியா?" என்றார் சாமிதுரை பயந்துபோய்.

"உங்க வாயிலயும் இருக்குய்யா, என் வாயிலயும் இருக்கு. அதுல பாதி சாதுவானதுதான். தினமும் தேச்சுக் கலைச்சு விட்டுட்டா ஒண்ணும் பண்ணாது. அப்படியே தடிச்சுப் போக விட்டுட்டா, அடியில காத்துப் படாத எடத்துல வேற ரகம் வளரும். அது பொல்லாதது. ஈறோட நிக்காது, ஈறுக்கு உள்ள பல்லைப் புடிச்சிக்கிட்டு இருக்கற எலும்பு கரைய ஆரம்பிச்சிடும். கரைஞ்ச எலும்பு திரும்ப வராது."

சொல்லிவிட்டு டாக்டர் அவர் வாயைப் பார்த்தாள். கடைவாயில் ஒரு பக்கம் முழுக்கக் காலி.

"உங்களுக்கு அந்தப் பக்கம் எப்படிப் போச்சு? சொத்தையா?"

"இல்லம்மா. நல்ல பல்லுதான். தானா ஆடிச்சு, விழுந்துடுச்சு. எங்க அப்பாவுக்கும் இப்படித்தான்."

டாக்டரின் முகம் கொஞ்சம் மாறியது. "அப்ப இவங்க இன்னும் கவனமா இருக்கணும். சில குடும்பத்துல இது சீக்கிரம் பத்திக்கும். பிரசவத்துக்கு அப்புறந்தான்யா எனக்குப் பயம். ரத்தம் வருதுன்னு பிரஷ்ஷ நிறுத்திடுவாங்க. தேய்க்கறதால ரத்தம் வரல, சரியாத் தேய்க்காததால வருது. வீட்டுல பெரியவங்க பத்தியம்னு சொல்லிப் பல்லு தேய்க்க வேணாம்பாங்க. இவங்களால அப்பச் சண்டை போட முடியாது. நீங்கதான் நின்னு சொல்லணும். சொல்லுவீங்களா?"

"நான் பாத்துக்கறேம்மா," என்றார் சாமிதுரை. நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்த பூர்ணிமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். திரும்பி வரும்போது காரில், "டாக்டர் உங்களை மிரட்டிட்டாங்களாப்பா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

ஐப்பசி அடைமழையில் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். வீட்டுக்கு வந்ததும் அம்சவல்லியின் ராஜ்ஜியம் ஆரம்பமானது. காதில் பஞ்சு, தலையில் துண்டு, பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, வேளைக்கு ஒரு உருண்டை பிரசவ லேகியம். அம்சவல்லி கிண்டுகிற லேகியம் ஊர்ப் பிரசித்தம். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சுக்கும் திப்பிலியும் சேர்ந்து கறுகறுவென்று மினுமினுக்கும், விரலில் எடுத்தால் விடாது. விரலிலேயே விடாதது கிளிப்பில் விடுமா? கம்பி கம்பியாகப் போய் அப்பிக்கொண்டது.

மறுநாள் காலையில் பூர்ணிமா பிரஷ்ஷோடு எழுந்து வந்தாள். கூடவே கம்பிக்கு இடையில் விட்டுத் தேய்க்கிற குட்டி பிரஷ் ஒன்றும் இருந்தது, பால் பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷுக்குப் பிறந்த குஞ்சு மாதிரி. அம்சவல்லி இரண்டையும் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"புள்ள பெத்த பல்லு பச்சைப் பல்லுடி. உடம்பு மாதிரிதான் அதுவும். இப்பப் போட்டு இழுத்தேன்னு வை, ஆயுசுக்கும் ஆட்டம் கண்டுடும். வெந்நீர்ல உப்புப் போட்டு வெச்சிருக்கேன், கொப்பளி, போதும். உன்னைப் பெத்தப்ப நான் விரலால கூடத் தேய்க்கல. எம்பல்லப் பாரு, இன்னைக்கும் கரும்பு கடிப்பேன்."

அது நிஜம். அம்சவல்லியின் பல் முத்து முத்தாக இருக்கும். ஆனால் அவள் வாயில் கம்பி இருந்ததில்லை. அவள் சாப்பிட்ட லேகியம் ஒட்ட இடமில்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிருக்கும். அதை எடுத்துச் சொல்ல வேண்டிய ஆள் அங்கேதான், கூடத்தில் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, டாக்டர் கண்டிப்பாத் தேய்க்கணும்னாங்க. அப்பாகிட்டயே சொன்னாங்க. அப்பா, நீங்க கேட்டீங்கல்ல? சொல்லுங்கப்பா."

அம்சவல்லி பிரஷ்ஷைக் கையில் வைத்தபடி திரும்பி நின்றாள். அவள் பிடிவாதக்காரி இல்லை. புருஷன் வேண்டாம் என்றால் வேண்டாம், சரி என்றால் சரி, அப்படியே வாழ்ந்து பழகியவள். "அப்படியாங்க? என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். நிஜமாகவே கேட்டாள்.

சாமிதுரை நிமிர்ந்து பார்த்தார். மழையில் நடவுப் பயிர் முழுகிக் கிடந்தது, வடிகால் வெட்டப் போக வேண்டும் என்ற அவசரம் ஒரு பக்கம். பொம்பளைங்க சமாச்சாரத்தில் நமக்கென்ன வேலை என்ற கூச்சம் ஒரு பக்கம். இதெல்லாம் வெளியே சொல்லிக்கொள்கிற காரணம். உள்ளே அந்தப் பழைய முள் இருந்ததே, அது நறுக்கென்று ஒரு குத்துக் குத்தியது. கிளிப் போடும்போது அப்பா வேண்டியிருக்கவில்லை, இப்போது மட்டும் அப்பா சொல்ல வேண்டுமோ?

"அது எல்லாருக்கும் பொதுவாச் சொல்றதும்மா. டாக்டருங்க சொல்லத்தான் செய்வாங்க. அம்மா சொல்றபடி கேளு. கொஞ்ச நாளுதானே."

சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பூர்ணிமா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்சவல்லி பிரஷ்ஷைக் கொண்டுபோய்ப் பரணில் வைத்தாள்.

பூர்ணிமா சும்மா இருந்துவிடவில்லை, பாவம். எதிர்வீட்டுப் பெண்ணிடம் சொல்லி ஒரு பிரஷ் வாங்கி, குளியலறையில் ஒளித்து வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். அதற்குள் ஈறு பழுத்துவிட்டது. தொட்டால் ரத்தம். ஒருநாள் துப்பியது சரியாகக் கழுவிப் போகாமல் தொட்டி ஓரத்தில் சிவப்பாக நிற்க, அம்சவல்லி பார்த்துவிட்டாள்.

"ஐயையோ, ஓடி வாங்களேன்! இங்க வந்து பாருங்க இவ பண்ணி வெச்சிருக்கறத!"

சாமிதுரை கொல்லையிலிருந்து ஓடி வந்தார். ரத்தத்தைப் பார்த்ததும் பதறிப்போனார். ரத்தம் வந்தால் நிறுத்தாதீர்கள் என்று டாக்டர் சொன்னது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை என்று பிற்பாடு அவர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தார். வந்தது. நன்றாகவே வந்தது. ஆனால் ஒருதரம் பொதுவாகச் சொன்னார்கள் என்று சொல்லிவிட்டவர் எந்த முகத்தோடு மாற்றிப் பேசுவார்? மகள் கையிலிருந்த பிரஷ்ஷைப் பிடுங்கினார். கொல்லைக் கதவைத் திறந்து, மழைத் தண்ணீர் புரண்டு ஓடிக்கொண்டிருந்த வாய்க்காலில் வீசினார்.

"கொழந்தைக்குப் பால் குடுக்கற உடம்பு. இவ்ளோ ரத்தம் போனா என்னத்துக்கு ஆகறது? பேசாம இரும்மா."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலாம். குழந்தை அழுதால் எடுப்பாள், பால் கொடுப்பாள், படுத்துக்கொள்வாள். கொடுத்த லேகியத்தை வாங்கிச் சாப்பிட்டாள். கிளினிக்கிலிருந்து போன் வந்தபோதெல்லாம் சாமிதுரைதான் எடுத்தார். "பச்சை உடம்புங்க, மழை வேற. தை பொறக்கட்டும், கூட்டியாறேன்" என்று ஒவ்வொரு தரமும் அதையே சொன்னார். மறுமுனையில் இருந்த பெண் தயங்கித் தயங்கி வைத்தாள்.

நாளாக ஆக பூர்ணிமா பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு பேச ஆரம்பித்தாள். கிட்டே போனால் ஒரு வாடை. ஈறு புடைத்துக்கொண்டு கிளிப்பின் பாதியை மூடியிருந்தது. குழந்தையைக் கொஞ்சும்போது உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு நெற்றியை மட்டும் குழந்தையின் வயிற்றில் வைத்துத் தேய்ப்பாள். வீடியோ காலில் பகலவன், "ஏன் எப்பப் பாத்தாலும் கேமராவக் கொழந்தைகிட்டயே காட்டுற, நீ எங்க?" என்று கேட்டால், "தூக்கமே இல்ல, மூஞ்சி நல்லால்ல" என்று சொல்லிவிடுவாள். சாமிதுரை அதைக் கேட்டுக்கொண்டே வாசலில் உட்கார்ந்திருப்பார். எழுந்து உள்ளே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். போகவில்லை. அறுவடை வரட்டும், வரட்டும் என்று ஒத்திப்போட்டார்.

தை பிறந்தது. நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, மகளையும் பேத்தியையும் தஞ்சாவூரில் அவள் மாமியார் வீட்டில் கொண்டுபோய் விடுகிற அன்றைக்கே டாக்டரிடமும் கூட்டிப் போனார்.

தஹ்மீனா பூர்ணிமாவின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்துச் சாமிதுரை தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவள் படம் எடுக்கச் சொன்னாள். படம் வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். திரும்பி நின்று வரிசைக்கு வந்ததே அந்தப் பல், அதைச் சுற்றி எலும்பு இருக்க வேண்டிய இடம் இருட்டாகக் கிடந்தது.

"பல்லு ஆடுதும்மா. அழுத்தினா சீழ் வருது. மத்த பல்லுங்களுக்கும் எலும்பு கொறைஞ்சிருக்கு, அதுங்களைக் காப்பாத்தப் பாக்கலாம். கிளிப் எல்லாத்தையும் இன்னைக்கே எடுத்துடணும், இனிமே இந்த ஈறு கம்பியத் தாங்காது. இந்த ஒரு பல்லை மட்டும்…" டாக்டர் படத்தைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "பிரஷ் பண்ணவே இல்லையா பூர்ணிமா? அவ்ளோ சொன்னேனே."

 இதோ, இப்போது வரப்போகிறது என்று நினைத்தார் சாமிதுரை. மகள் ஒரு விநாடி அவரைப் பார்த்தாள்.

"என் தப்புதான் டாக்டர். கொழந்தை அலைச்சல்ல விட்டுட்டேன்."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம், மனுஷன் திறக்கவில்லை. டாக்டர் அவரையும் பார்த்தாள். அவள் படித்த பெண், புரியாமலா இருக்கும்? ஒன்றும் கேட்காமல் கையுறையை மாட்டிக்கொண்டு கிளிப்பை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள்.

சாமிதுரை வீட்டுக்கு வந்து பல்லின் நிலைமையை மட்டும் சொன்னதும் அம்சவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். "நான் பாவி, நான் பாவி. எங்கையாலேயே பிரஷ்ஷத் தூக்கிப் பரண்ல போட்டேனே. எம்பொண்ணு ஆசை ஆசையா வெச்சிருந்த பல்லு. எங்கேயோ கேட்டதெல்லாம் வேதம்னு புடிச்சிக்கிட்டேனே." பரணில் மீதியிருந்த லேகிய டப்பாவை எடுத்து எருக்குழியில் கொட்டினாள். பூர்ணிமாவுக்குப் போன் போட்டால் பேச முடியாமல் அழுகைதான் வந்தது. வேளைக்கு உலை வைப்பாள், இவருக்குப் போடுவாள், தனக்கென்று தட்டை எடுக்க மாட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து, "நீ என்ன வேணும்னா செஞ்ச, விடு அம்சா" என்று தேற்றிவிட்டுப் போவார்கள்.

சாமிதுரையும், "விடு, நடந்தது நடந்துபோச்சு" என்றார். எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள்! குற்றவாளி மன்னிப்பு வழங்குகிறார். அவள் அழ அழ அவருக்கு உள்ளே அறுத்தது. ஆனாலும் அந்த அழுகைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் இருந்தது, ஒளிந்துகொண்டார். சாப்பாடு இறங்காத நாட்களில்கூட, அவள் பார்க்கிறாளே என்று உருட்டி விழுங்கினார்.

டாக்டர் ஈறைச் சுத்தம் செய்து, மருந்து கொடுத்து, பல வாரம் முயன்று பார்த்தாள். மற்ற பல் எல்லாம் இறுகி நின்றன, ஈறு மட்டும் மேலே ஏறிப் பல்லெல்லாம் நீளமாகத் தெரிந்தது. அந்த ஒரு பல் மட்டும் நிற்கவில்லை. மாசிக் கடைசியில் ஒரு நாள் அதைப் பிடுங்குவதென்று முடிவானது.

அம்சவல்லி வர மாட்டேன் என்றாள், அந்தக் கோலத்தைப் பார்க்கத் தெம்பில்லை என்றாள். சாமிதுரை மட்டும் போனார். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குழந்தை அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்து வாயில் வைக்கப் பார்த்தது. அதன் கீழ் ஈறில் வெள்ளையாக ஏதோ முளை விட ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்ததும் அவரால் தாங்க முடியவில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பூர்ணிமா வெளியே வந்தாள். உதடு மரத்துப்போய் ஒரு பக்கம் தொங்கியது. பஞ்சைக் கடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சாமிதுரைக்கு இத்தனை மாதமாக அடைத்துக் கிடந்தது அப்போதுதான் உடைத்துக்கொண்டு வந்தது.

"நாந்தாம்மா. எல்லாத்துக்கும் நாந்தான். டாக்டரம்மா எங்கிட்டத் தெளிவாச் சொன்னாங்க. பொதுவாச் சொன்னாங்கன்னு நான் பொய் சொன்னேன். என்னைக் கேக்காமக் கிளிப் போட்டுக்கிட்டியேன்னு ஒரு வீம்பு. பெத்த பொண்ணுகிட்ட வீம்பு. என்னை நீ செருப்பால அடிச்சாலும் தகும்."

எப்போது வாயைத் திறந்தார் பாருங்கள், மகள் வாயைத் திறக்க முடியாத நேரமாகப் பார்த்து. அவருக்கே அது உறைத்தது. பஞ்சைக் கடித்தபடி அவள் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, வலியா வேறெதுவா, தெரியவில்லை. குழந்தையைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள். அவர் காத்திருந்தார். உள்ளே வேறு யாருக்கோ பல் ராவுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நர்ஸ் வந்து பார்த்து, ரத்தம் நின்றுவிட்டது, பஞ்சை எடுத்துவிடலாம் என்றாள். பூர்ணிமா எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தாள். வாய் சரியாகத் திரும்பவில்லை, வார்த்தை குழறியது.

"எனக்குத் தெரியாததையா சொல்றீங்க? நான் அந்த நாக்காலியிலதானே படுத்திருந்தேன். எல்லாம் எங்காதுலயும் விழுந்துச்சு."

"தெரிஞ்சும் டாக்டரம்மாகிட்ட உம்மேல போட்டுக்கிட்டியேம்மா."

"உங்களை அவங்க முன்னாடி நிக்க வெக்க மனசு வரல." "எம்பல்லு போனது போச்சுப்பா. எங்கிட்ட வந்து அழுது என்ன ஆகப் போகுது? அங்க அம்மா சாப்பிடாமக் கெடக்கு. அதுகிட்டப் போய்ச் சொல்லுங்க."

சாமிதுரை பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினார். பூதலூர் தாண்டும்வரை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தார், அப்புறம் யோசிக்கவும் முடியவில்லை. இரண்டு பக்கமும் அறுத்த வயலில் உளுந்து முளைத்துப் பச்சையாகக் கிடந்தது. பக்கத்து சீட்டுக்காரர் விலை என்ன போகும் என்று கேட்டதற்கு எதையோ சொல்லி வைத்தார்.

அம்சவல்லி வாசலிலேயே நின்றிருந்தாள். "எடுத்துட்டாங்களா? ரொம்ப வலிச்சுச்சா? என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அங்கேயே நின்று சொன்னார். டாக்டர் கிட்டே கூப்பிட்டுக் காட்டியது, நீங்கதான் நின்று சொல்லணும் என்றது, நெஞ்சில் கை வைத்து ஒப்புக்கொண்டது, பொதுவாச் சொன்னாங்க என்று அன்றைக்கு அவளிடம் அளந்த பொய், பிரஷ்ஷை வாய்க்காலில் வீசியபோதும் எல்லாம் ஞாபகம் இருந்தது, வீம்பு, எதையும் விடவில்லை. குறைதீர் கூட்டத்தில் பேசுகிற அந்தக் குரல் எங்கே போயிற்றோ, அவள் கிட்டே வந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது.

அம்சவல்லி கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்றுதான் எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். கட்டிய நாளிலிருந்து தெரிந்த அந்த முகத்தைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"நான் அன்னைக்கு உங்களைக் கேட்டேனே. தேய்க்கட்டும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே அவ கையில குடுத்திருப்பேனே."

"ஆமா," என்றார் சாமிதுரை.

"சரி, அது போவட்டும்," என்றாள். "இத்தனை நாளா என்னை எதுக்குங்க அழ விட்டீங்க?"